‘கண்டறியப்படவில்லை’ என்றால் என்ன அர்த்தம்?

இயற்கை உழவர்கள் கூடும் இடத்தில் முன்பெல்லாம் விதை கைமாறும். இப்போது அதோடு ஆய்வுக்கூட அறிக்கையும் கைமாறுகிறது. ஏழெட்டுப் பக்கம் இருக்கும். இருநூறு, முந்நூறு நஞ்சுகளின் பெயர் வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் எதிரே ‘பிஎல்க்யூ’ என்று போட்டிருந்தால் ஆளுக்கு முகம் மலர்ந்துவிடும். நடுவில் எங்காவது ஓர் எண் இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த எண் என்ன சொல்கிறது, ‘பிஎல்க்யூ’ என்ன சொல்கிறது என்று கேட்டால் நம்மில் பல பேருக்குப் பதில் தெரியாது. நம்மிடம் வாங்குகிறவருக்கும் பல நேரம் தெரிவதில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

போன பங்குனியில் எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். கரிசலில் மானாவாரி மிளகாய், வற்றல் 600 கிலோ. விலை பேசி முடித்திருந்த நிறுவனம் மாதிரி எடுத்து அனுப்பியது. குளோர்பைரிபாஸ் 0.013 என்று வந்தது. ‘டிடெக்டட்’ என்று ஒரே வார்த்தையில் கடிதம் எழுதி மொத்தத்தையும் திருப்பிவிட்டார்கள். தம்பி காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணாச்சி, நான் ஒரு சொட்டு மருந்து அடிக்கலையே! இந்த பாயிண்ட் சைபர் ஒண்ணு மூணுன்னா எவ்வளவு?”

கணக்கு போட்டோம். 0.013 என்பது ஒரு கிலோவில் இத்தனை மில்லிகிராம். 600 கிலோவுக்கும் சேர்த்தால் 7.8 மில்லிகிராம். ஒரு சின்னக் கல்லுப்பு எடைகூடத் தேறாது. அது அத்தனை மூட்டையிலும் பரவிக் கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்த கருவியை நான் குறை சொல்ல மாட்டேன். பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுத்தவர்களிடம் எனக்குக் கேள்வி இருக்கிறது.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தால்தான் நாம் பேச முடியும்.

இந்தக் கருவிக்கு ஜிசிஎம்எஸ் என்று பெயர். இரண்டு கருவிகளின் கூட்டு. மிளகாயை அரைத்து, அதில் சில கிராம் எடுத்து, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி, மக்னீசியம் சல்பேட், உப்பு போட்டுக் குலுக்கி, சுழலவிட்டு, தெளிந்த மேல்நீரை எடுக்கிறார்கள். 2003இல் வெளியான இந்த முறைக்கு ஆய்வுக்கூடத்தில் ‘கேச்சர்ஸ்’ என்று பேர். அதற்கு முன்னால் ஒரு மாதிரியைத் தயார் செய்ய லிட்டர் கணக்கில் இல்லாவிட்டாலும் நூறு, இருநூறு மில்லி கரைப்பானும் அரை நாளும் ஓடிப்போகும். இப்போது 10 மில்லி போதும், அரை மணியில் முடிகிறது. வேகத்தில் வந்த பெரிய மாற்றம் கருவியைவிட இந்தக் குலுக்கலில் வந்ததுதான் என்பது என் எண்ணம்.

அந்த நீரில் ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டில் ஐம்பதில் ஒரு பங்கு, சூடான வாயில் செலுத்தப்படுகிறது. ஆவியாகிறது. ஹீலியம் வாயு அதைத் தள்ளிக்கொண்டு ஒரு நீளமான கண்ணாடி இழைக் குழாய்க்குள் போகிறது. முப்பது மீட்டர் நீளம், உள்துளை கால் மில்லிமீட்டர். சுருட்டி ஓர் அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். குழாயின் உட்சுவரில் மெல்லிய பூச்சு. தேர்த்திருவிழாக் கடைவீதியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒன்றாகத்தான் நுழைகிறார்கள். வளையல் கடையில் நிற்கிறவர் நிற்கிறார், வேடிக்கை பார்க்காதவர் விறுவிறுவென்று வெளியே வந்துவிடுகிறார். அதுமாதிரி ஒவ்வொரு நஞ்சும் அந்தப் பூச்சோடு கொண்ட ஒட்டுறவைப் பொறுத்து ஒவ்வொரு நிமிஷத்தில் வெளியே வரும். வந்ததும் இரண்டாவது கருவி அதன்மீது எலக்ட்ரானை மோதவிட்டு உடைக்கிறது. உடைந்த துண்டுகளை நிறை பார்க்கிறது. எந்தெந்த நிறையில் எத்தனை துண்டு என்பது கைரேகை மாதிரி. அதை வைத்து ‘இது குளோர்பைரிபாஸ்’ என்று சொல்கிறது.

இதில் நுண்மை எப்படிக் கூடியது? கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி அலறும்போது பக்கத்தில் நின்று உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒலிபெருக்கியை நிறுத்தினால் கடைக்கோடியில் முணுமுணுத்தாலும் கேட்கும். கூப்பிட்டவர் குரலை உயர்த்தவில்லை, இரைச்சல் குறைந்தது, அவ்வளவுதான். இப்போது வருகிற டிரிபிள் குவாட்ரபோல் கருவிகள் செய்வது இதைத்தான். உடைந்த துண்டுகளில் வேண்டியதை மட்டும் பிடித்து, மற்றதைத் தள்ளிவிட்டு, பிடித்ததை இன்னொரு தடவை உடைத்து, அதன் குட்டித் துண்டையும் சரிபார்க்கின்றன. மிளகாயின் நிறமும் எண்ணெயும் காரமும் போடும் இரைச்சல் அடங்கிப்போகிறது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவில், கருவிக்குள் போகும் நஞ்சு சுமார் 10 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோகிராம். லட்சம் கோடி என்ற எண்ணை வங்கியில் வாராக்கடன் பற்றிய செய்தியில்தான் பார்த்திருக்கிறேன்!

வேகமும் கூடியிருக்கிறது. குழாயைக் குட்டையாக்குவது, ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜனைத் தள்ளவிடுவது, குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது, மிஞ்சும் பிசுக்கைப் பின்பக்கமாகவே தள்ளிவிடுவது என்று பல வழி. முப்பது, நாற்பது நிமிஷம் பிடித்த ஓட்டத்தைப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிக்கிறார்கள்.

நம் ஆட்களில் சிலர், “இதெல்லாம் கம்பெனிக்காரன் சூழ்ச்சி, கருவி எதுக்கு, நம்பிக்கை போதும்” என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நஞ்சைப் பற்றிய உலகத்தின் விழிப்பே ஒரு நுண்கருவியால்தான் வந்தது. 1957இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லவ்லாக், எலக்ட்ரான் பிடிக்கும் உணர்கருவி ஒன்றைச் செய்தார். கையடக்கமானது. குளோரின் உள்ள நஞ்சுகளை அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத சிறிய அளவிலும் காட்டியது. டிடிடி எங்கெல்லாம் போனது என்று அதன் பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. தாய்ப்பாலில் இருந்தது. மருந்தே அடிக்காத அண்டார்டிகாவின் பென்குவின் கொழுப்பிலும் இருந்தது. 1962இல் ரேச்சல் கார்சன் ‘மௌன வசந்தம்’ எழுதிய பிறகு கிளம்பிய விவாதத்தில், நஞ்சுக்காரர்களால் மறுக்க முடியாத சாட்சியாக நின்றது இந்த அளவீடுதான். காசரகோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்களே, அங்கே மக்கள் உடம்பிலும் தண்ணீரிலும் நஞ்சு இருக்கிறது என்று 2001இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் ஆய்வுக்கூட எண்களோடு சொன்னது. இன்னோர் ஆய்வுக்கூடம் இல்லை என்றது. பத்து வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் தடை போட்டது. ‘இருக்கு’, ‘இல்லை’ என்ற சண்டையில் எண் வைத்திருந்தவர்கள் பக்கம் நாம் நின்றோம். இன்றைக்கு எண் நமக்கு எதிராக வரும்போது மட்டும் கருவியே வேண்டாம் என்று சொல்வது நாணயமாக இருக்காது.

எள் விஷயமும் அப்படித்தான். 2020 செப்டம்பரில் நம் நாட்டிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக பெல்ஜியம் எச்சரிக்கை கொடுத்தது. அங்கே எள்ளுக்கான வரம்பு 0.05. சில சரக்குகளில் அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் இருந்தது. இயற்கை எள் என்று போனதிலும் இருந்தது. வயலில் தெளிக்கிற நஞ்சு இல்லை அது. கிருமி நீக்கம் என்ற பெயரில் அறுவடைக்குப் பின்னால் செலுத்தும் வாயு. செய்தது வேறு யாரோ, பேர் கெட்டது எள் விதைத்தவனுக்கு. அடுத்து, 2022 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் நம் நாட்டுச் சான்று நிறுவனங்கள் சிலவற்றை அங்கீகாரப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அந்தக் கருவி இல்லாவிட்டால் அந்தத் திருட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆக, நுண்மை வேண்டும். என் சண்டை இன்னொரு கூட்டத்தோடு. “கருவியில் தெரிந்தால் அது இயற்கை இல்லை” என்கிறார்களே, அவர்களோடு.

வங்கியில் நகைக்கடன் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். அந்தக் காலத்தில் மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, திராவகம் விட்டு, இருபத்திரண்டு காரட் என்பார். கடன் கொடுப்போம். பிறகு காரட் மெஷின் வந்தது. அதே பாட்டி, அதே சங்கிலி. மெஷின் 91.6க்குப் பதிலாக 91.1 என்று காட்டும். போன வருஷம் வரை சுத்தமாக இருந்த சங்கிலி இந்த வருஷம் அழுக்காகிவிட்டதா? சங்கிலி மாறவில்லை, பார்க்கிற கண் மாறியிருக்கிறது. அதற்கேற்ற மாதிரி, எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்பது என்று தலைமை அலுவலகம் விதி எழுத வேண்டியிருந்தது. விதி எழுதாமல் மெஷினை மட்டும் அனுப்பியிருந்தால் கவுன்டரில் அடிதடிதான் நடந்திருக்கும்.

நமக்கு இப்போது மெஷின் வந்துவிட்டது. விதி சரியாக வரவில்லை.

‘பிஎல்க்யூ’ என்றால் ‘அளவிடக்கூடிய எல்லைக்குக் கீழே’ என்று பொருள். நஞ்சு இல்லை என்று அது சொல்லவில்லை. அந்த ஆய்வுக்கூடத்தின் அந்தக் கருவி, அந்தப் பயிரில், நம்பகமாக எண் சொல்லக்கூடிய கடைசிப் படியைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை என்று சொல்கிறது. அந்தப் படி ஒரு கூடத்தில் 0.05, இன்னொன்றில் 0.01, புதுக்கருவி வாங்கிய இடத்தில் 0.002 என்று இருக்கலாம். ஒரே மூட்டை மிளகாய் முதல் இரண்டு இடத்தில் ‘இல்லை’, மூன்றாவது இடத்தில் ‘உண்டு’ என்று வரும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியே, இயற்கை உணவில் நஞ்சு எச்சம் வழக்கமான வரம்பில் ஐந்து சதவீதம், அல்லது அளவிடக்கூடிய எல்லை, இவற்றில் எது அதிகமோ அதுவரை இருக்கலாம் என்கிறது. ‘அளவிடக்கூடிய எல்லை’ என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், கருவி வாங்குகிறவன் கையில் சட்டத்தின் கோடு போய்விடுகிறது. யாரும் திருத்தம் கொண்டு வராமலே வருஷா வருஷம் அந்தக் கோடு கீழே இறங்கும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? அமெரிக்காவில் வழக்கமான வரம்பில் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் இயற்கை என்று விற்கக் கூடாது. ஜெர்மனியில் இயற்கை உணவு வணிகர்கள் சங்கம் 0.01 என்று ஒரு வழிகாட்டு எண் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் சட்டத்தில் அப்படிப் பொதுவான எண் கிடையாது. ஏதாவது தெரிந்தால் சரக்கை நிறுத்தி வைத்து, எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த ‘விசாரி’ என்பதுதான். ஆனால் அதுவே கூடுதல் ஆபத்தும்கூட. விசாரணைக்குச் செலவாகும், நாள் பிடிக்கும். சின்ன உழவன் சரக்கு என்றால் வாங்குகிறவர் விசாரிக்க மாட்டார், திருப்பிவிடுவார். தம்பிக்கு அதுதான் நடந்தது.

விசாரித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? முதலில், அந்த 0.013 என்ற எண்ணே அவ்வளவு கெட்டியானது இல்லை. நஞ்சு எச்ச ஆய்வில் ஐம்பது சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கும் என்பது ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களே ஒப்புக்கொண்ட கணக்கு. அதன்படி 0.013 என்றால், உண்மை அளவு 0.007க்கும் 0.02க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. வரம்பு மீறியது என்று அதிகாரி அங்கே நடவடிக்கை எடுப்பதற்கு முன் இந்த ஐம்பது சதவீதத்தைக் கழித்துப் பார்க்கிறார். 0.013இல் பாதியைக் கழித்தால் 0.01க்குள் வந்துவிடுகிறது. அடுத்தது, அது வற்றல். ஒரு கிலோ வற்றலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பழம். தண்ணீர் போய்விடுகிறது, நஞ்சு தங்கிவிடுகிறது. பழத்தில் பார்த்திருந்தால் 0.003 சொச்சம்தான். முருங்கை இலையைப் பொடியாக்கி விற்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காய்ந்த பொருளின் எண்ணைக் காயாத பொருளின் வரம்போடு வைத்துப் பார்த்தால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

எப்படி வந்தது என்பது மூன்றாவது கேள்வி. ஒரு கணக்கு போடலாம். பக்கத்துக்காரர் பருத்திக்கு ஏக்கருக்கு 200 கிராம் வீரியமுள்ள மருந்து அடிக்கிறார் என்று வையுங்கள். காற்றில் ஒரு சதவீதம், 2 கிராம், நம் பக்கம் விழுகிறது. அதிலும் ஒரு சதவீதம்தான் அறுவடையாகும் காயில் தங்குகிறது. 20 மில்லிகிராம். ஏக்கருக்கு 2,000 கிலோ விளைச்சல் என்றால் கிலோவுக்கு 0.01. வரம்பு வந்துவிட்டது! நாம் ஒன்றும் செய்யவில்லை. வரப்பில் வேலிப்பயிர் போடாதது மட்டும்தான் நம் கணக்கில் வரும்.

தம்பி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் காற்றின்மீது இல்லை, களத்தின்மீது. வற்றல் காயப்போட்டது ஊர்ப் பொதுக்களம். அதற்கு முந்தின வாரம் அதே இடத்தில் பருத்தி கொட்டியிருந்தார்கள். நிரூபிக்க முடியாது. ஆனால் இப்படித்தான் பல நேரம் வருகிறது. விதைக்கடையில் வாங்கிய பழைய சாக்கு. வாடகைக்கு எடுத்த விசைத்தெளிப்பானில் பஞ்சகவ்யா அடிப்பது. கறையானுக்காக அஸ்திவாரத்தில் குளோர்பைரிபாஸ் ஊற்றிய புது வீட்டில் மூட்டை அடுக்குவது. சேமிப்பு அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவது. சுருளில் இருப்பதும் பைரித்ராய்டு வகை நஞ்சுதான், கருவிக்கு வயல் மருந்து, வீட்டு மருந்து என்று வித்தியாசம் தெரியாது. மண்ணின் பழைய கடனும் உண்டு. டிடிடியை விவசாயத்தில் நிறுத்தி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் மிச்சம் சில நிலங்களில் கிடக்கிறது. ஜூக்கினி, சில பூசணி வகைகள் அதை வேர்வழியே உறிஞ்சிக் காயில் சேர்க்கும். அப்பா வாங்கிய கடனுக்கு மகன் வட்டி கட்டுகிற மாதிரி.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. மேன்கோசெப் வகைப் பூஞ்சைக்கொல்லிகளை நேரடியாகப் பார்ப்பதில்லை. அமிலத்தில் சூடாக்கி, அதிலிருந்து கிளம்பும் கார்பன் டைசல்பைடை ஜிசி கருவியில் அளக்கிறார்கள். முட்டைக்கோஸ், கடுகு, வெங்காயம், பூண்டு இவற்றுக்கு இயற்கையிலேயே கந்தகச் சத்து உண்டு. மருந்தே படாத முட்டைக்கோஸும் சூடாக்கினால் அதே வாயுவைக் கொஞ்சம் விடும். அறிக்கையில் ‘டைதயோகார்பமேட்’ என்று எண் வந்தால் இதைக் கேளுங்கள். ஆய்வுக்கூடத்துக்காரருக்கு இது நன்றாகத் தெரியும், வாங்குகிறவருக்குத்தான் தெரியாது. அப்புறம், முந்நூறு பெயரும் ‘பிஎல்க்யூ’ என்று வந்ததும் ‘சுத்தம்’ என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. களைக்கொல்லி கிளைபோசேட் இந்தக் கருவியில் தெரியவே தெரியாது. ஆவியாகாத சரக்கு அது. தனி முறை, தனிக் கட்டணம். கேட்டால்தான் செய்வார்கள். நீங்கள் கேட்காவிட்டால் அந்தப் பட்டியலில் அதன் பேரே இருக்காது.

ஆகவே எண்ணை முழுசாகத் தர வேண்டும் என்று நம் இயக்கம் கேட்க வேண்டும். அளவிடும் எல்லை எவ்வளவு, ஏற்ற இறக்கம் எவ்வளவு, எந்தப் பொருளில் பார்த்தது என்பதோடு சேர்த்துத் தர வேண்டும். சட்டத்தில் ‘அளவிடக்கூடிய எல்லை’ என்பதை எடுத்துவிட்டு ஓர் எண்ணைப் போட வேண்டும். 0.01 என்று வைத்தால்கூட நான் கையெழுத்துப் போடுவேன். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கோட்டுக்குக் கீழே வந்தால் ‘கவனி’ என்று எழுதட்டும். மேலே வந்தால் நிலத்துக்கு வந்து பார்க்கட்டும், பார்த்த பிறகு சான்றைப் பறிக்கட்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடையில் மாதிரி எடுத்தால் நாலு பங்காகப் பிரித்து முத்திரை வைக்கச் சட்டம் சொல்கிறது. மறு ஆய்வுக்கு வழி இருக்கிறது. உழவனிடம் தனியார் எடுக்கும் மாதிரிக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு கவரில் அள்ளிக்கொண்டு போகிறார்கள், நமக்கு ஒரு பங்கு கொடுப்பது கிடையாது. ஐநூறு ரூபாய் சேமிப்புக் கணக்குக்கு இருக்கிற பாதுகாப்பு அறுநூறு கிலோ மிளகாய்க்கு இல்லை.

இனி வேகம். கருவி பத்து நிமிஷத்தில் முடிக்கிறது என்றேன். அறிக்கை நம் கைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகிறதே? தாமதம் கருவியில் இல்லை. கூரியரில், வரிசையில், ஒரு தொகுப்புக்குத் தேவையான மாதிரி சேரும்வரை காத்திருப்பதில், கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இல்லாததில். கீரை போடுகிறவருக்கு இந்த அறிக்கை செத்தபின் வரும் வைத்தியர். கொத்தமல்லித்தழை பத்து நாள் நிற்குமா? ஏற்றுமதிக்காரருக்குக் கப்பல் கிளம்பும்வரை நேரம் இருக்கிறது, நமக்கு மறுநாள் காலைச் சந்தைவரைதான். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நஞ்சு எச்ச ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆனால் விளாத்திகுளத்திலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ எத்தனை பேர் அங்கே போய்வர முடியும்? மாவட்டத்துக்கு ஒன்று என்று நான் கேட்கவில்லை, கருவியின் விலையும் அதைக் கட்டிக்காக்க வேண்டிய ஆளும் எனக்குத் தெரியும். மண்டலத்துக்கு ஒன்று, இயற்கை உழவர் குழுக்களுக்கென்று வாரம் ஒரு நாள் ஒதுக்கிய ஓட்டம், மூன்று நாளில் அறிக்கை. இதைக் கேட்பது நியாயம்தான்.

கட்டணம் ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு இது கட்டுப்படியாகாது. இங்கேதான் நுண்மை நமக்கு உதவும் என்று நான் நினைக்கிறேன். பிஜிஎஸ் குழு என்றால் குறைந்தது ஐந்து பேர். ஐந்து பேரின் வற்றலைச் சம எடையில் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுக்கிறோம். ஒருவருடையதில் மட்டும் 0.01 இருந்தால் கலவையில் அது 0.002 ஆகிவிடும். ஆய்வுக்கூடத்தின் எல்லை 0.01 என்றால் தப்பித்துவிடும், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம். ஆனால் அவர்களால் 0.002 வரை நம்பகமாக அளக்க முடியும் என்றால் பிடித்துவிடும். கலவையில் ஒன்றும் இல்லை என்றால் ஐந்து பேரும் 0.01க்குக் கீழே என்று ஒரே கட்டணத்தில் தெரிந்துவிடும். ஏதாவது தெரிந்தால் மட்டும் தனித்தனியாகப் பார்க்கலாம். எல்லா நஞ்சுக்கும் எல்லாக் கூடத்திலும் அந்த அளவு வராது, மிளகாய் மாதிரி இரைச்சல் அதிகமான பொருளில் இன்னும் கஷ்டம். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். கேட்கும்போது ‘உங்க கருவி நல்லதா?’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘வற்றலில் குளோர்பைரிபாஸுக்கு உங்கள் எல்லை எவ்வளவு?’ என்று கேளுங்கள்.

எங்கள் குழு இந்த வருஷம் இதைச் செய்யப்போகிறது. மூன்று கூடங்களில் கேட்டோம். ஒன்று பதில் சொல்லவில்லை, ஒன்று 0.01 என்றது, மூன்றாவது, எங்களைத் தொல்லை செய்ய வைக்கும் நஞ்சுகளில் முக்காலுக்கு 0.002 வரை முடியும் என்று எழுத்தில் கொடுத்தது. முதல் பறிப்புக் காய்ந்ததும் ஆளுக்கு அரைக் கிலோ. அவரவர் மூட்டைகளில் நாலு இடத்தில் கையைவிட்டு எடுக்க வேண்டும், மேலாக அள்ளக் கூடாது. அறிக்கை வரும்வரை யார் சரக்கும் யார் சரக்கோடும் சேராது, களமும் இந்தமுறை தார்ப்பாய் விரித்துத்தான். ஒவ்வொருவர் மாதிரியிலும் பாதியைத் தனியாகக் கட்டி, அரக்கு வைத்து, கொடுத்தவரும் இன்னொருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு தகரப்பெட்டியில் வைக்கிறோம். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று தம்பியிடம். வங்கிப் பெட்டக அறைக்கு அப்படித்தான் வைப்போம்.